கண்ணுக்குப் போகிற கை

போனேன், வந்தேன். அதற்கு மேல் உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்? அவரவர் வேலையைப் பார்க்காமல், கிழவி எந்த விமானத்தில் ஏறினாள், எங்கே போய் இறங்கினாள் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறீர்கள். அடுப்பில் பால் வைத்திருந்தால் முதலில் போய் அதைப் பாருங்கள். பொங்கி வழிந்தால் பழி என் மேல்தான் விழும். பார்த்தாயிற்றா? சரி, சொல்கிறேன். டிக்கெட் யார் எடுத்தார்கள், நடுவில் எங்கே நின்றது என்றெல்லாம் கேட்டால் அத்தோடு நிறுத்திவிடுவேன்.

என் பேத்தி பெயர் உலகம்மாள். தென்காசிக் கோயில் அம்மன் பெயர். வீட்டில் உலகு. அவள் பாதத்துக்கு வைத்தியம் பார்க்கிற படிப்பு படித்தவள். லண்டனில் போய்ப் படித்து முடித்துவிட்டுத் தென்காசிக்கு வந்து இரண்டு ஆஸ்பத்திரியில் வேலை கேட்டாள். "ஆணிக்காலுக்கு எதுக்கும்மா தனியா ஒரு டாக்டர்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் ஸ்காட்லாந்தில், கடலோரத்துச் சின்ன ஊர் ஒன்றில், பாத கிளினிக்கில் வேலை கிடைத்தது.

அவள் அப்பன், அதாவது என் மகன் முருகன், ஆலங்குளம் ஸ்டேஷனில் ஏட்டு. அவனுக்கு இந்தப் படிப்பே பிடிக்கவில்லை. "ஊரான் காலப் பிடிக்கதுக்கா இம்புட்டுப் படிக்க வச்சேன்?" என்று தினமும் சோற்றுத் தட்டு முன்னால் உட்கார்ந்து கேட்பான். அவளும் ரசத்தை ஊற்றுவாள்.

கிளம்புகிற பிள்ளையை நான் சும்மா விடவில்லை. வேலைக்காகக் கடல் தாண்டிப் போகிறவள் பெரியவர்களிடம் ஆசீர்வாதம் வாங்காமல் போகலாமா? தென்காசியில் ஒரு தெரு பாக்கி வைக்கவில்லை. ஆலங்குளத்தில் சம்பந்தி வீடு, பண்பொழியில் என் அக்கா வீடு, எங்கெல்லாம் நரைத்த தலை தெரிந்ததோ அங்கெல்லாம் நிறுத்தி, "விழுட்டி" என்றேன். அவளும் குனிந்து பாதத்தைத் தொட்டு, தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அவர்கள் தலையில் கை வைத்துத் திருநீறு பூசுவார்கள். அடுத்த வீடு. குற்றாலத்தில் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனபோதுகூட, ஈரச் சேலையோடு எதிரே வந்த ஒரு பாட்டியைத் தெரிந்தவள் என்று நினைத்து விழ வைத்துவிட்டேன். அந்த அம்மாள் புனலூர்க்காரி. "நன்னாயி வரட்டே மோளே" என்று தலையில் கை வைத்துவிட்டுப் போனாள். ஆசீர்வாதம் எந்தப் பாஷையில் வந்தால் என்ன, வாங்கி வைப்போம் என்றேன். பேத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவளைக் கொண்டு போய்க் குடிவைக்க அப்பனுக்கு லீவு இல்லை. அம்மா பள்ளிக்கூட டீச்சர், அவளுக்கும் லீவு இல்லை. சின்ன மகளின் பிள்ளைப்பேற்றுக்கு நான் துபாய் போனபோது எடுத்த பாஸ்போர்ட் பீரோவில் சும்மா கிடந்தது. அதனால் நான் போனேன்.

திருவனந்தபுரம் விமான நிலைய வாசலில் முருகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "யம்மா, ஒரு மாசம் இருந்து பாரு. அவளுக்கு அங்கன சரிப்படலன்னா கையோட கூட்டிட்டு வந்துரு. கடையத்து மாப்பிள்ளை வீட்டுல நம்ம பதிலுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காவ."

"சரிப்பட்டா?"

"சரிப்பட்டா பாப்போம்."

போலீஸ்காரன் 'பார்ப்போம்' என்றால் என்ன அர்த்தம் என்று ஸ்டேஷனுக்கு நடந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

போய் இறங்கிய அன்று சாரல். குற்றாலத்து ஆனிச் சாரல் மாதிரியே முகத்தில் பொடிப்பொடியாக விழுந்தது. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "அருவி எங்கனட்டி இருக்கு?" என்றேன்.

"அருவி இல்ல ஆச்சி. சாரல் மட்டுந்தான்."

அருவி இல்லாமல் வெறும் சாரலை வைத்துக்கொண்டு இந்த ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய் நிற்க ஓர் இடம் கிடையாது. நனைகிறார்கள், வீட்டுக்குப் போகிறார்கள், துவட்டிக்கொள்கிறார்கள். பெரிய பிரயோஜனம்.

வீடு என்பது மாடியில் ஒரே அறை. மறுநாள் காலை உலகு ஓட்ஸ் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். நம் ஊரில் காய்ச்சல்காரனுக்குக் கொடுத்தால் எழுந்து ஓடிவிடுவான், அப்படி ஒரு ருசி. நார்த்தங்காய் ஊறுகாயைத் தொட்டு உள்ளே தள்ளினேன். அன்று சாயங்காலம் அவள் என் காலைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, குதிகால் வெடிப்பைச் சின்னக் கத்தியால் செதுக்கினாள். கத்தியைப் பார்த்ததும் நான் உலகம்மனை ஒருமுறை கூப்பிட்டேன். எறும்பு ஊர்வதுபோல்கூட இல்லை. அடுத்த நாள் எழுந்து நடந்தால் கால் தரையில் பதிவதே தெரியவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து வெடிப்போடு நடந்த கால் இது. வெடிப்பு இல்லாமல் வேறு யாருடைய காலோ மாதிரி இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில், அவள் வேலைக்குப் போக ஆரம்பித்த வாரத்தில் ஒரு நாள், புளிச்சோறு கிளறி, தூக்குச் சட்டியில் போட்டுக்கொண்டு, அவளுக்குக் கொடுத்துவிட்டு வரலாம் என்று பஸ் ஏறினேன். தப்பு அங்கேதான் நடந்தது. அந்த ஊர் பஸ்ஸில் கண்டக்டர் இல்லை. விசில் இல்லை. "இறங்குறவங்க எல்லாம் வாங்க" என்று கத்த ஆள் இல்லை. நான் என் ஸ்டாப் பேரை யாராவது கத்துவார்கள் என்று தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் கத்தவில்லை. கடைசியில் பஸ் ஒரு ஷெட்டில் போய் நின்றது. உள்ளே நானும், முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு கிழவரும்தான்.

டிரைவர் வந்து என்னவோ கேட்டான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாவற்றையும் திரட்டி, "ஃபுட், டாக்டர்" என்று என் காலைக் காட்டினேன். சத்தத்தில் கிழவர் விழித்துக்கொண்டு, சிரித்து, தன் காலைக் காட்டினார். இடதுகால் ஷூவில் பெருவிரல் பக்கம் கத்தியால் ஓட்டை போட்டிருந்தார். அவரும் அதே கிளினிக்குக்குப் போக வேண்டியவர், தூங்கிக் கோட்டை விட்டிருக்கிறார். அதே பஸ்ஸில் திரும்பி வரும்போது அவருக்கும் கொஞ்சம் புளிச்சோறு கொடுத்தேன். இருமினார். கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னும் கொஞ்சம் என்று கையை நீட்டினார். அவர் பெயர் அலெக்.

கிளினிக்கில் அவருடைய முறை போய்விட்டது, அடுத்த வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். உலகு வெளியே வந்து தூக்கை வாங்கிக்கொண்டாள். முகத்தைப் பார்த்தேன். வெள்ளாவியில் வைத்த துணி மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் கேட்டேன். "என்னட்டி, வேலையில எதும் பிரச்சினையா?"

"தனியா பாக்க விட மாட்டேங்காவ ஆச்சி."

"ஏன், கத்தி சரியாப் பிடிக்க வரலியா?"

"கத்தியெல்லாம் நல்லாத்தான் பிடிக்கேன். காலப் பாத்து முடிச்ச உடனே கை கண்ணுக்குப் போயிருது."

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் செய்து காட்டினாள். நரைத்த தலைக்காரர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுகிறார். இவள் கையுறை போட்டுக்கொண்டு நகம் வெட்டுகிறாள், ஆணி எடுக்கிறாள், மருந்து போடுகிறாள். எல்லாம் முடிந்ததும், பெரியவர் பாதத்தைத் தொட்ட கை அதுவாகவே எழுந்து வந்து, கையுறையோடு, கண்ணில் ஒற்றிக்கொள்கிறது.

அவளுக்கு மேலே இருக்கிற அம்மாளின் பெயர் மொய்ரா. மூன்று தடவை பார்த்துவிட்டு அவர் உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறார்: "உன் கை மென்மையான கை. ஆனால் அந்தக் கையுறை இப்போதுதான் புண்ணையும் பூஞ்சையையும் தொட்டுவிட்டு வந்தது. அதைக் கண்ணில் வைத்தால் உனக்குக் கண் போகும், மறுபடி புண்ணில் வைத்தால் அவருக்குக் கால் போகும். வெள்ளிக்கிழமை நான் பக்கத்தில் நிற்பேன். அன்றைக்கும் கை முகத்துக்குப் போனால் உன்னைத் தனியாகப் பார்க்க விட முடியாது. தனியாகப் பார்க்க முடியாத ஆளை வைத்துக்கொள்ள எங்களிடம் இடம் இல்லை."

"படிக்கும்போது இல்லாத பழக்கம் இப்ப எங்கன இருந்துட்டி வந்துச்சு?"

"படிக்கும்போது ஒருத்தி கால ஒருத்தி பாத்துக்கிட்டோம். எல்லாம் எங்க வயசு. இங்கன வாரவுக எல்லாம் உங்க வயசு. அதுலயும் கெளம்புறதுக்கு முந்தி, ஊர் பூரா..." என்று நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சாரலைப் பார்த்தேன். நல்ல சாரல்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முருகன் போன் பண்ணினான். "எப்படியம்மா இருக்கா? சரிப்படுதா?" நான் வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லியிருந்தால் போதும், அடுத்த விமானத்தில் இருவரும் திருவனந்தபுரம். கடையத்துக்காரர்கள் பூவோடு வந்து நிற்பார்கள். உண்மையைச் சொன்னால், அங்கே போகும்போது எனக்கும் அதில் பெரிய வருத்தம் இருந்திருக்காது. ஆனால் நான் அப்போது அறைக்குள் வெறுங்காலில் நடந்துகொண்டிருந்தேன். குதிகால் வலிக்கவில்லை. இந்தக் கையைக் கொண்டு போய்க் கடையத்தில் சப்பாத்தி உருட்ட விடுவதா?

"நல்லா இருக்காலே. சாரல்தான் ஜாஸ்தி. போனை வையி, கஞ்சி பொங்குது."

உலகு என்னையே பார்த்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

பழக்கத்தை விட வைக்க நான் என்னென்னவோ செய்தேன். என் காலை அவள் மடியில் வைத்து, கை எழும்பும்போதெல்லாம் "ஏட்டி" என்று அதட்டினேன். அதட்டினால் கை நிற்கிறது. அதட்டாவிட்டால் போய்விடுகிறது. வெள்ளைக்காரன் ஆஸ்பத்திரியில் நான் பக்கத்தில் நின்று அதட்டிக்கொண்டிருக்க முடியுமா? "கையக் கட்டிப் போட்டுருவோமாட்டி" என்றதற்கு, "அப்பம் நகத்த எத வச்சு வெட்ட, பல்ல வச்சா?" என்றாள்.

அப்போதுதான் தைலம் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு பாத்திமா. கடையநல்லூரில் பிறந்தவள். அவள் வீட்டுக்காரர் சவூதியிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் எனக்கென்று ஒரு குப்பி தைலம் வரும். மூக்குக்கு நேரே மூடியைத் திறந்தாலே மூளை வரைக்கும் குளிரும். கிளம்பும்போது, "அங்க குளிரு ஜாஸ்தியாம் ஆச்சி, வச்சுக்கிடுங்க" என்று ஒன்றைப் பையில் திணித்திருந்தாள்.

அடுத்த நாள் சாயங்காலம் காலில் லேசாகத் தைலம் தடவிக்கொண்டு, போர்வையை மூடிப் படுத்தேன். "கால் குடையுது, கொஞ்சம் பிடிச்சு விடுட்டி." பிள்ளைக்குச் சளி, மூக்கடைப்பு, வாடை தெரியவில்லை. பிடித்துவிட்டாள். முடித்தாள். கை எழுந்து கண்ணுக்குப் போனது. அவ்வளவுதான். "ஆச்சி" என்று ஒரே அலறல். குழாயடிக்கு ஓடினாள்.

"அய்யோ, தைலம் போட்டிருந்தத மறந்துட்டேனே" என்றேன்.

அதற்கடுத்த நாளும் கால் குடைந்தது. அன்றும் மறந்துபோனேன். கண் செக்கச் சிவந்து, மூக்கு வடிந்து, என்னைத் திட்டவும் முடியாமல் சிங்க் முன்னால் நின்றாள். அதற்கும் அடுத்த நாள் காலைப் பிடித்து முடித்ததும் கை கிளம்பியது. வயிறு வரை வந்தது, நெஞ்சு வரை வந்தது. நெஞ்சிலே நின்றது. அப்படியே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கீழே இறங்கியது. நான் தூங்குகிறவள் மாதிரி குறட்டை விட்டேன்.

வெள்ளிக்கிழமை நானும் கிளினிக்குக்குப் போனேன். வந்தது நம் அலெக். என்னைப் பார்த்ததும் அவர் தூக்குச் சட்டியைத் தேடினார். "இந்த அம்மாளும் உள்ளே உட்காரட்டும், எனக்குத் துணை" என்று அவரே மொய்ராவிடம் சொன்னதாக உலகு சொன்னாள். மூலையில் ஒரு நாற்காலி போட்டார்கள்.

மொய்ரா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அலெக்குக்குச் சர்க்கரை. உலகு அவரைக் கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு மாதிரி ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டாள். பல இடத்தில் அவருக்குத் தொட்டதே தெரியவில்லை. உள்ளங்காலில் சின்னதாக ஒரு ரத்தப் புள்ளி. வலிக்கிறதா என்றால், இல்லவே இல்லை என்கிறார். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு அந்த ஓட்டை ஷூவை வாங்கி, உள்ளே கையை விட்டுத் துழாவினாள். அடியிலிருந்து ஓர் ஆணிமுனை உள்பக்கம் தலைநீட்டிக்கொண்டிருந்தது. எத்தனை நாள் அதன் மேல் நடந்தாரோ, மனிதருக்கே தெரியாது. அலெக் ஷூவைப் பார்த்தார், காலைப் பார்த்தார். மொய்ரா கட்டியிருந்த கையை எடுத்துவிட்டு ஓர் எட்டு முன்னால் வந்தார்.

புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, கட்டுப் போட்டு, நகத்தை எல்லாம் வெட்டி, பாதத்தைப் பூப்போலப் பலகையில் இறக்கி வைத்தாள். இனி கை. நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

கை எழுந்தது. வயிறு. நெஞ்சு. மொய்ராவும் அதையேதான் பார்க்கிறார். நெஞ்சிலே நின்றது. பேத்தியின் மூக்கு மட்டும் ஒரு தடவை உறிஞ்சியது, தைலம் ஞாபகம் வந்திருக்கும். கை இறங்கியது. கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். போய்க் கை கழுவினாள்.

சந்தோஷத்தில் நான் எழுந்தேன். அலெக்கும் நாற்காலியை விட்டு இறங்கினார். என் கால் போய் அவர் கட்டுப் போட்ட காலில் இடித்துவிட்டது. பெரிய மனுஷர் மேல் கால் பட்டால் என்ன செய்வோம்? குனிந்தேன், அவர் பாதத்தைத் தொட்டேன், கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நிமிர்ந்தேன்.

மொய்ரா என்னைப் பார்த்தார். உலகைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது" என்றாராம். சிரித்துக்கொண்டே என் தோளைப் பிடித்துக் குழாய்க்குக் கூட்டிப் போய், சோப்பைப் போட்டு, விரலிடுக்கு விடாமல் கழுவ வைத்தார். நான் கழுவி முடிப்பதற்குள் உலகிடம் சொல்லிவிட்டார்: திங்கட்கிழமையிலிருந்து தனியாகப் பார்க்கலாம்.

அன்று மத்தியானம் கடற்கரையில் உட்கார்ந்து மீன் தின்றோம். மாவில் முக்கிப் பொரித்த மீன், காரம் இல்லை, புளி இல்லை, ஆனாலும் தொண்டையில் நன்றாக இறங்கியது. குற்றாலத்தில் குரங்கு வாழைப்பழத்தைப் பிடுங்குகிற மாதிரி, ஒரு கடல்பறவை வந்து என் கையிலிருந்த துண்டைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. போகட்டும் என்று விட்டுவிட்டேன். அன்று யார் என்ன கேட்டாலும் கொடுத்திருப்பேன்.

உலகு மெதுவாகக் கேட்டாள். "ஆச்சி, தைலம் போட்டத மறந்துட்டேன்னு சொன்னியளே. ரெண்டு நாளும் மறந்துச்சா?"

"வயசாச்சுல்லாட்டி."

அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். முதுகு குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு மாதம் முடிந்து நான் மட்டும் திரும்பினேன். முருகன் டூட்டியிலிருந்து நேரே காக்கிச் சட்டையோடு விமான நிலையத்துக்கு வந்திருந்தான். என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"அவ வரலலே. சரிப்பட்டுருச்சு."

ஆரியங்காவு மலை இறங்கும் வரை வண்டியை விரட்டிக்கொண்டே வந்தான். செங்கோட்டை வழியில் பரோட்டாவுக்கு வண்டியை நிறுத்தினான். நல்ல காரமான சால்னாவைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. அவன் மேசைக்குக் கீழே ஒரு பூட்ஸைக் கழற்றிவிட்டுப் பாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"என்னலே கால்ல?"

"ஒண்ணுமில்ல. பூட்ஸ் கடிக்கி. கடையத்துக்கு என்ன பதில் சொல்ல?"

"பிள்ளைக்கு வேலை நிலைச்சுட்டுன்னு சொல்லு. இத்தன வருசமாக் கடிக்காத பூட்ஸ் இப்பமா கடிக்கி?"

"எப்பமும் கடிக்கும். யாருட்ட சொல்ல?" என்றான். பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அவகிட்ட கேட்டா சொல்லுவாளோ?" என்றான்.

"பாப்போம்" என்றேன்.

ஊருக்கு வந்த மறுநாள் தெருக்குழாயில் பக்கத்து வீட்டுச் செண்பகம்தான் ஆரம்பித்தாள். "என்ன மதினி, வெள்ளைக்காரன் காலப் பிடிக்க வேலையாமே?"

"ஆமா. அதுக்கும் முன்கூட்டியே சொல்லி வச்சு, வரிசையில உக்காந்துருக்காவ. உன் காலயெல்லாம் அம்புட்டு லேசுல பிடிச்சிர மாட்டா" என்றேன். செண்பகம் தன் குதிகாலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

நேற்றுச் சாயங்காலம் முருகன் டூட்டி முடிந்து வந்தான். உலகுக்கு அங்கே சாப்பாட்டு நேரம். வீட்டுக்குள் டவர் கிடைக்கவில்லை என்று வாசலுக்குப் போனவன், ஒரு காலில் பூட்ஸோடு, பூட்ஸ் கடித்த மறு காலை வெறுங்காலாகக் காம்பவுண்டுச் சுவர்மேல் தூக்கி வைத்து, செல்போனை அதற்கு நேரே பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். ஆலங்குளம் ஏட்டு. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. பாத்திமா வாயைப் பொத்திக்கொண்டாள். செண்பகம் ஓடி வந்து, "மதினி, உங்க மவனுக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணும் ஆகல. இன்னைக்கு உலகுக்குப் பிறந்தநாளு. அங்கன இருந்தே அப்பா கால்ல விழுதா, இவன் காலக் காட்டிக்கிட்டு நிக்கான்" என்றேன்.